அவர் ஜெயித்த கூட்டம்

எனக்குக் கோபம் வரும். சட்டென்று வரும், வந்தால் லேசில் போகாது. என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. நாலு பேர் நடுவில் பேசும்போது வார்த்தையைப் பார்த்துப் பேச வேண்டும் என்று ஒருவர் சொன்னால் போதும், அவர் சாது, பயந்தாங்கொள்ளி, யாரையும் பகைத்துக்கொள்ளாமல் காலம் தள்ளுகிறவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் சாது இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்த கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நாங்கள் ரயில்வே லயத்தில், அதாவது கடல் தாண்டிக் கூலிக்கு வந்த நம்மவர்களுக்கு ரயில்வே கட்டிக்கொடுத்த ஒற்றையறை வரிசை வீடுகளில், குடியிருந்தோம். சாலையைச் சடக்கு என்றும் ரயில் பாதையைக் கம்பிச்சடக்கு என்றும்தான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அப்பா அந்தக் கம்பிச்சடக்கிலேயே உழைத்து அங்கேயே போய்ச் சேர்ந்தவர். ஓர் அறையில் அம்மாவும் நானும். இரண்டு கதவு தள்ளி அக்கா, அத்தான், அவர்களுடைய கைக்குழந்தை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தானுக்குக் கிள்ளான் போகும் பாதையில் வேலை. தண்டவாளத்துக்கு அடியில் கட்டை மாற்ற வேண்டும், ஜல்லியை இடித்து இறுக்க வேண்டும். வெயிலோ மழையோ, குனிந்த முதுகு நிமிராது.

லயத்து முனையில் கள்ளுக்கடை. தகரக் கூரை, நீள நீளமான பெஞ்சு, எனாமல் குவளை. வேலை விட்டு வரும் ஆண்கள் வீட்டுக்கு வர அந்தக் கடையைத் தாண்டித்தான் வரவேண்டும். பாதிப் பேர் தாண்டுவதில்லை. சம்பளம் போட்ட நாளில் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு எதிரில் சடக்கோரம் நிற்பார்கள். உள்ளே போகக் கூடாது, கூப்பிடவும் வெட்கம். அத்தான் கெட்டவர் இல்லை. குடிக்காத நாளில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார். குடித்த நாளில் அக்கா எங்கள் அறைக்கு வந்து படுத்துக்கொள்வாள். எந்த நாள் எப்படி இருக்கும் என்று சாயங்காலம் வரை தெரியாது. அந்தச் சாயங்காலங்களை அவள் எப்படித்தான் தாங்கினாளோ.

கடையை மூட வேண்டும் என்ற பேச்சு எங்கிருந்தோ கிளம்பியது. கிராணிமார்கள், அதாவது ஆபீஸ் உத்தியோகம் பார்த்த நம்மவர்கள், கோட்டு மாட்டிக்கொண்டு துரையைப் பார்க்கப் போனார்கள். கள்ளுக்கடைக்கு அனுமதி கொடுப்பது அந்த வெள்ளைக்காரத் துரைதான். அவர் ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். உங்கள் பேச்சு எனக்கு வேண்டாம், நீங்கள் அங்கே குடிக்கிறவர்கள் இல்லை. குடிக்கிற கூலிகளில் நாலு பேர் வந்து கடை வேண்டாம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்றாராம். ஆக, வேண்டியது நாலு பேர். அந்த நாலு பேரைத் தேர்ந்தெடுக்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

கூட்டத்துக்கு ஆள் சேர்த்தது அக்கா. கிராணிமார்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். லயத்தில் அதை எத்தனை பேர் படிப்பார்கள்? அக்கா கதவு கதவாகப் போனாள். அவள் பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும். உன் புருஷன் குடிகாரன் என்று ஒரு வீட்டிலும் அவள் ஆரம்பிக்கவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கு முதுகு வலி தாங்கல அக்கா, குடிச்சாதான் தூக்கம் வருதுங்கிறாரு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. உங்க வீட்ல எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்பாள். எதிரில் இருப்பவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் கதையைத் தானே அவிழ்ப்பாள். கடைசியில் அவளே, "கடைய மூடிட்டா நல்லாருக்கும்லா" என்று முடிப்பாள். அக்கா தலையாட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போவாள்.

அவளுக்கு நாக்கு மழுங்கியிருந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கள்ளுக்கடையைக் குத்தகை எடுத்தவன் ஒருநாள் அவளைச் சடக்கில் மடக்கி, "என்னம்மா, என் பொழப்புல கை வைக்கிறியாமே" என்றான். அவள் கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "ஆமா. நீ எங்க அடுப்புல தண்ணி ஊத்துற, நான் உன் பொழப்புல கை வைக்கிறேன். தண்ணி கலந்து விக்கிறியே, அதையும் சொல்லவா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். அவனுக்கு உறைக்க வேண்டும் என்றே சொன்னது அது. யாருக்கு உறைக்க வேண்டும், யாருக்கு உறைக்கக் கூடாது என்பதில் அவளுக்குக் குழப்பமே கிடையாது.

அத்தானிடம் அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அது அவர்களுக்குள். ஆனால் கூட்டத்துக்கு முந்தின சில வாரம் அவர் கடையைத் தாண்டி நேராக வீட்டுக்கு வந்தார். கை நடுங்கும், எரிந்து விழுவார், வாசலில் உட்கார்ந்து வெற்றிலையை மென்று துப்பிக்கொண்டே இருப்பார். ஆனால் வந்தார். துரையிடம் போகும் நாலு பேரில் தாமும் ஒருவராகப் போவதாகச் சொன்னதும் அவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அவருடைய வெள்ளைச் சட்டையைச் சாதக் கஞ்சி போட்டு வெளுத்துக் கொடுத்தாள். அவர் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போவதுபோல் கூச்சத்தோடு புறப்பட்டார். எங்கள் வரிசையில் எல்லா ஆண்களும் அவர் பின்னால் நடந்தார்கள்.

கூட்டம் கிராணிமார்களின் வாசகசாலையில். பலகைக் கட்டடம், கிள்ளான் ரயில் போனால் ஜன்னல் கதவெல்லாம் ஆடும். முன்னால் நாற்காலிகள் கிராணிமார்களுக்கு. பின்னால் பாய் லயத்து ஆண்களுக்கு. ஓரத்தில் இன்னொரு பாய் பெண்களுக்கு. என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள், கடவுள் வாழ்த்துப் பாடுவதற்கு. ஆள் சேர்த்த அக்காவைப் பேசவும் கூப்பிடவில்லை, பாடவும் கூப்பிடவில்லை. நான் பாடிவிட்டு இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இங்கே அந்த வாசகசாலையின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும், எல்லாம் கெட்டது அதனால்தான். வாராவாரம் அங்கே விவாதம் நடக்கும். சீட்டுக் குலுக்கி இரண்டு கட்சி பிரித்துக்கொள்வார்கள். நகரம் உயர்ந்ததா கிராமம் உயர்ந்ததா, கல்வி பெரிதா செல்வம் பெரிதா, இப்படி ஏதாவது ஒன்று. எந்தக் கட்சி விழுந்தாலும் அதற்காக வாதாட வேண்டும். எதிராளி வாயிலிருந்து வரும் வார்த்தையை அப்படியே பிடித்து அவன் மேலேயே திருப்பிவிட்டால் அதற்கு மடக்குவது என்று பேர். நன்றாக மடக்கினவருக்குத் தலைவர் மணியடித்து மாலை போடுவார். தோற்றவரும் சிரித்துக்கொண்டே கைகொடுப்பார். எல்லாரும் சேர்ந்து கோப்பி குடித்துவிட்டுப் போவார்கள். விளையாட்டுக்கு அது சரி. நானே ஜன்னலுக்கு வெளியே நின்று ரசித்திருக்கிறேன்.

அந்த விவாதங்களில் அதிக மாலை வாங்கியவர் ஒரு கிராணி. ரயில்வே ஆபீஸில் உத்தியோகம். நல்ல குரல், நல்ல உயரம், தேன் மாதிரி தமிழ். அன்றைக்குப் பேசவும் அவரைத்தான் போட்டிருந்தார்கள். அவரும் நன்றாகத்தான் பேசினார். கள் எப்படிக் குடலை அரிக்கிறது, எப்படிக் குடும்பத்தை அரிக்கிறது என்று அடுக்கினார். கள்ளுக்கடையில் அரசாங்கத்துக்கு வருமானம் இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் குரலைத் தணித்தார். "கனம் பொருந்திய துரைமார்களின் மேலான கவனத்துக்கு எட்டாமல் நேர்ந்துவிட்ட ஒரு சிறு குறை என்றே இதைக் கருதுகிறோம்" என்றார். பஞ்சில் சுற்றிய மாதிரி வந்து விழுந்தது வார்த்தை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அவர் பேசி முடித்ததும் தலைவர், யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அது வழக்கமாகக் கேட்பது. யாரும் எழுந்திருப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அத்தான் எழுந்தார்.

எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. வெள்ளைச் சட்டை, கையில் மடித்துப் பிடித்த தலைத்துண்டு. அத்தனை நாற்காலிகளுக்கு முன்னால் அவர் பேசினதே இல்லை. "ஐயா, நான் குடிக்கிறவந்தான்" என்று ஆரம்பித்தார். ஊர் நடுவில் ஒரு மனிதன் தன் வாயால் அதைச் சொல்வது எத்தனை பெரிய காரியம்! "மூடணும்னு சொல்றீங்க, சரிதான். நானும் வேணாங்கல. துரைகிட்ட வரவும் தயாரு. ஒன்னே ஒன்னுதான் கேக்குறேன். வேலை விட்டு வந்தா எங்க வீடு ஒரே ரூமு. அதுலதான் அடுப்பு, அதுலதான் புள்ள, அதுலதான் எல்லாம். கோப்பிக் கடையில போய் உக்காந்தா சட்டையப் பாத்துட்டு பின்னாடி போங்கிறான். கள்ளுக்கடை ஒன்னுலதான் எங்கள எந்திரின்னு யாரும் சொல்றதில்ல. அதையும் மூடிட்டா நாங்க எங்கய்யா உக்காருறது?"

அது எதிர்ப்பு இல்லை. கேள்வி. வீட்டுக்குள் இடம் இல்லாத மனிதன், குடிக்காமல் இருந்து பார்த்த மனிதன், அந்த நாட்களில் தனக்கு எது கஷ்டமாக இருந்தது என்று கண்டுபிடித்து வந்து கேட்ட கேள்வி. இந்த வாசகசாலையிலேயே சாயங்காலம் உட்காருங்கள் என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் முடிந்தது. பாய்தான் விரித்திருந்ததே. ஒரு பானைத் தண்ணீர் வைத்தால் போதும்.

ஆனால் நம் பேச்சாளர் காதில் அது கேள்வியாக விழவில்லை. எதிர்க்கட்சி எழுந்துவிட்டது என்று விழுந்தது. நின்றிருந்தவரை அவர் பார்க்கவே இல்லை. நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்தார். "அன்பர் உட்கார இடம் கேட்கிறார்" என்று நிறுத்தினார். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது, மடக்கப் போகிறார் என்று அவர்களுக்குத் தெரியும். "முதலில் அவர் தள்ளாடாமல் நிற்கக் கற்றுக்கொள்ளட்டும். உட்காருவதைப் பற்றி அப்புறம் பேசலாம். படுப்பதற்கோ, சாக்கடையோரம் ஏற்கெனவே அவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது."

சிரித்தார்கள். நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தான் தள்ளாடாமல்தான் நின்றுகொண்டிருந்தார். அந்த அறையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பழக்கம் என்ன செய்யும் பாருங்கள், தலைவர் மணியை அடித்துவிட்டார். யாரோ மாலையும் எடுத்து வந்தார்கள்.

அத்தான் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். பாயிலிருந்து ஒருத்தர் எழுந்தார், இன்னொருத்தர் எழுந்தார், கடைசியில் பாய் காலியாகிவிட்டது. கத்தவில்லை, சண்டை போடவில்லை. கூட்டத்துக்குப் புறம்பானவர்கள் போய்விட்ட மாதிரி நாற்காலிக்காரர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். தலைவர், "துரையைப் பார்க்கப் போகும் நாலு பேர்..." என்று தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், அனுப்புவதற்கு அங்கே ஒரு கூலியும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

அக்கா எழுந்திருக்கவில்லை. குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியும் அவர் எங்கே போகிறார் என்று. எனக்கும் தெரியும்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வாசற்படியில் அந்தப் பேச்சாளரைப் பிடித்தேன். கழுத்தில் மாலை இருந்தது. "நீங்க ஜெயிச்சிட்டீங்க சார். யாரை ஜெயிச்சீங்க?" என்றேன். கல்யாணமாகாத பெண் இப்படிக் கேட்பதா என்று பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர் கோபப்படவில்லை. பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "நான் உள்ளதை உள்ளபடி சொல்கிறவன் அம்மா. குடிகாரனைக் குடிகாரன் என்று சொல்லாமல் எப்படிச் சீர்திருத்துவது? உண்மையைக் கேட்டு ஓடுகிறவனுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"அவர்தான் நான் குடிக்கிறவன்னு முதல் வார்த்தையிலேயே சொன்னாரே. உள்ளதை உள்ளபடி சொன்னது அவர். நீங்க இல்ல. அரசாங்கத்தைப் பத்தி மட்டும் கனம் பொருந்திய, மேலான கவனம்னு சொன்னீங்களே, அது உள்ளபடியா?"

"அது வேறு" என்றார். "அது ராஜதந்திரம்."

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அன்றிலிருந்து என் கோபம் இறங்கவே இல்லை. வார்த்தையை எடுத்து, பார்த்து, துடைத்து வைக்கத் தெரியாதவராக அவர் இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். எங்கள் லயத்தில் அப்படி எத்தனையோ பேர். வாயைத் திறந்தால் வசவு, மனசில் ஒன்றும் இருக்காது. இவருக்கோ நன்றாகத் தெரியும். அனுமதிக் கடுதாசியில் கையெழுத்துப் போட்ட துரை மனம் கோணக் கூடாது என்று தெரியும். அவருக்குப் பதவி உயர்வு கொடுக்கிறவர் மனம் கோணக் கூடாது என்று தெரியும். பாயில் உட்கார்ந்தவனுக்கும் மனம் என்று ஒன்று இருக்கிறது என்பதைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. அவனுக்கு எதற்கு ராஜதந்திரம் என்று விட்டுவிட்டார். அதற்கு நேர்மை என்று பேர் வேறு வைத்துக்கொண்டார். மேலே இருப்பவனிடம் பணிவு, கீழே இருப்பவனிடம் நேர்மை. இந்த நேர்மையை நான் நிறைய மேடைகளில் பார்த்துவிட்டேன், பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

இப்போது எங்கள் ஊர்ச் சங்கங்களில் இளைஞர்கள் பேசுகிறார்கள். பழைய அழுக்கையெல்லாம் அடித்துத் துவைக்கிறார்கள். சாதியைத் திட்டுகிறார்கள், அலகு குத்துவதைத் திட்டுகிறார்கள், தாலியைக்கூட விடுவதில்லை. எனக்கு அவர்கள் சொல்வதில் முக்கால்வாசி சம்மதம். ஆனால் ரப்பர் தோட்டத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, மூளையைச் சாமிக்கு நேர்ந்துவிட்டவளே என்று ஏசிக் கைதட்டல் வாங்குகிறார்கள். அவள் காவடிக்கு நேர்ந்துகொண்டது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டிருக்கும். அதைக் கேட்டுவிட்டு அப்புறம் சண்டை போடுங்களேன், நானும் உங்கள் பக்கம் நிற்கிறேன். கருத்து சுடட்டும். அது சுடத்தான் வேண்டும். அதோடு நாலு வசவைச் சேர்த்து வீசுவது எதற்கு? அதனால் கருத்துக்கு ஒரு பலமும் இல்லை. வீசியவருக்கு மட்டும் கைதட்டல்.

சரி, மிச்சத்தைச் சொல்கிறேன்.

கடை மூடவில்லை. நாலு பேர் கடைசிவரை கிடைக்கவில்லை. கூலிகளுக்கே அக்கறை இல்லை என்று துரையிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள் கிராணிமார்கள். அக்கா மறுபடியும் கதவு கதவாகப் போனாள். இந்தத் தடவை ஆண்கள் வாசலிலேயே மறித்துவிட்டார்கள். ஒருவர், "சாக்கடையில கெடக்குறவங்கள எதுக்கும்மா கூட்டத்துக்குக் கூப்பிடுற?" என்று கேட்டாராம். அவள் திரும்பி வந்து கூடையை மூலையில் வைத்துவிட்டு, "அவன் ஒரு வார்த்தையில எல்லாத்தையும் இடிச்சிட்டான்டி" என்றாள். அழவில்லை. அதற்கப்புறம் அவள் போகவில்லை.

அத்தான் பழையபடி ஆனார். பழையபடியை விட மோசமானார். அந்த ஒரு வார்த்தையால்தான் அவர் கெட்டார் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்கு அந்த அளவு புத்தி இருக்கிறது. அந்தப் பேச்சு இல்லாவிட்டாலும் ஒருவேளை அடுத்த சம்பளத்தில் அவர் கடைக்குள் போயிருப்பார். ஆனால் அவர் திரும்புவதற்கு ஒரு வழி திறந்து, அதில் அவர் கால் வைத்தும் விட்டார். கால் வைத்த இடத்தில் சிரித்தார்கள். குடித்துவிட்டு வரும்போதெல்லாம் அவர் லயத்து வாசலில் நின்று, "தள்ளாடாம நிக்கிறேன் பாரு, பாரு" என்று யாரிடமோ சொல்வார். அக்கா கதவைச் சாத்திக்கொள்வாள்.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. எங்கே பார்த்தாலும் ஆள் குறைப்பு. கம்பிச்சடக்கில் முதலில் கழித்தது குடிக்கிறவர்கள் என்று பேர் வாங்கியவர்களை. அத்தானையும் கழித்தார்கள். வேலை போனவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றிக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வது என்று அக்கா போகவில்லை. துறைமுகத்தில் அவர் ஏணியில் ஏறும்போது தள்ளாடினார். திரும்பிப் பார்க்கவில்லை. போனவரிடமிருந்து ஒரு தகவலும் கிடையாது. அக்கா கிள்ளானில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மா காலமானபின் நானும் அங்கேயே ஒரு தமிழ்ப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா மகள் என்னிடமே படித்தாள்.

ஒரு வருஷம் பள்ளி ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்க அவர் வந்தார். அதே பேச்சாளர்தான். இப்போது பத்துச் சங்கத்துக்குத் தலைவர். கொஞ்சம் நரை, தோளில் சரிகைத் துண்டு. அவர் கையால் அக்கா மகள் எழுத்துக்குப் பரிசு வாங்கினாள். அவர் அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். அக்கா தாய்மார்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பரிசுப் புத்தகம் அவள் மடிக்கு வந்துவிட்டது.

குரல் மட்டும் அப்படியே இருந்தது. மதுவின் தீமையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தவர், "பல வருஷத்துக்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வேடிக்கை" என்றார். ஒரு குடிகாரன் எழுந்து, கள்ளுக்கடையை மூடினால் நான் எங்கே உட்காருவது என்று கேட்டான் என்றார். தள்ளாடிக்கொண்டே கேட்டானாம்! நடித்தும் காட்டினார். பிறகு தாம் சொன்ன பதிலைச் சொன்னார், அதே நிறுத்தலோடு. கொட்டகை முழுக்கச் சிரித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா மகளும் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்பதுதான் அவளுக்குத் தெரியும். அக்கா மடியிலிருந்த புத்தகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நன்றியுரை என்னுடையது. மேடையேறும்போது என் வாய்வரை வந்து நின்ற வார்த்தைகளை இங்கே எழுதினால் இந்தத் தாள் கருகிவிடும். அந்த மனிதர் யார், அவர் எப்படி நின்றார், என்ன சட்டை போட்டிருந்தார், பிறகு என்ன ஆனார், எல்லாவற்றையும் கொட்டியிருக்கலாம். அவரைக் கூனிக் குறுக வைத்திருப்பேன். ஆனால் முன் வரிசையில் பரிசு வாங்கிய பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். நான் அவரை அடித்தால் அடி அவள் மேல் விழும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவள் அந்தக் குடிகாரன் மகள். நான் கோபத்தை விழுங்கவில்லை. அதற்கு வேண்டிய வார்த்தை எது, வேண்டாத வார்த்தை எது என்று மட்டும் பிரித்தேன்.

வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன். பிறகு, "தலைவர் சொன்ன கதையில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்" என்றேன். "நாளெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவன், குடிக்காமல் எங்கே போய் உட்காருவது என்று. நல்ல கேள்வி. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அவர் தள்ளாடவில்லை, நிமிர்ந்து நின்றுதான் கேட்டார். அவருக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. தலைவர் அவர்கள் ஒருநாள் சொல்வார்கள் என்று நம்புகிறேன்." கும்பிட்டுவிட்டு இறங்கினேன். கொட்டகையின் கடைசி வரிசையில் யாரோ ஒரு தோட்டத்து ஆள் மட்டும் மெதுவாகக் கை தட்டினார்.

விழா முடிந்து வாசலுக்கு வந்தபோது அவர் எங்களிடம் வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. முகம் கொஞ்சம் சிவந்திருந்தது, சிரித்துச் சமாளித்தார். "டீச்சர் என்னை மடக்கிவிட்டீர்கள்" என்றார். அவருக்கு அது இன்னும் விளையாட்டுத்தான். "பழைய கதை டீச்சர், விடுங்கள். அந்த ஆள் யாரோ, எந்த ஊரோ. பேர்கூட எனக்குத் தெரியாது."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு, மரியாதையாக, "கேட்டிருந்தா சொல்லியிருப்பாருங்க" என்றாள்.

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் அணைப்பில் நின்ற பிள்ளையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் முன்பு தாம் தட்டிக்கொடுத்த கன்னம். அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம்.